சிவராயி என்னும் செப்புக் காசு

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் மின்சார ரயிலில் ஏறி, சிவாஜி நகர், கட்கி, தாபோடி, காசர்வாடி ஆகிய நிலையங்களைக் கடந்தால் பிம்ப்ரி வருகிறது. அதற்கு அடுத்த நிலையம் சிஞ்ச்வட். 1954-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசு மருந்து நிறுவனம் பிம்ப்ரியில் தொடங்கப்பட்டது. அதன் பின் ஆலைகள் பல எழுந்தன. ஊர் தொழில் நகரமாயிற்று. பிழைப்பை நாடிப் பல மாநிலத்தாரும் இங்கே வந்து குடியேறினர். தமிழராகிய நாமும் வந்தோம். வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று நாட்கள் ஓடுகின்றன. இந்த மண்ணுக்கு ஆலைகளுக்கு முற்பட்ட வரலாறு ஒன்று உண்டு என்று எண்ணிப் பார்க்க நமக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அந்த வரலாற்றை நமக்கு அறிமுகம் செய்து வைத்தது ஒரு செப்புக் காசு. அதன் கதையை இங்கே கூற விரும்புகின்றோம்.

நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மராட்டிய மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். நம் வீட்டுச் சிறுமி அவரை 'ஆஜி' என்று அழைப்பாள். பாட்டி என்பதற்கு மராட்டியில் அதுவே சொல். ஆஜியின் குடும்பம் வேறு வீட்டுக்கு மாற ஏற்பாடு செய்தது. புது வீட்டில் இடம் போதாது என்று பழைய செம்புப் பாத்திரங்களையெல்லாம் பாத்திரக் கடைக்கு எடை போட்டுக் கொடுப்பதெனத் தீர்மானித்தார்கள். குடம், தவலை, தட்டு என்று குவித்து வைத்திருந்த குவியலில், பூஜை அறையிலிருந்து வந்த பழைய காசு ஒன்றும் கிடந்தது. கனமான காசு, வட்டமும் சரியான வட்டமன்று. சிறுமி அதை எடுத்துப் பார்த்து, "ஆஜி, இது செல்லாக் காசா?" என்று கேட்டாள். ஆஜி சற்றுத் தயங்கிவிட்டு, "என் மாமியாருக்கு அவர் மாமியார் கொடுத்தது. அதற்கும் முன்னால் அது சந்தையில் சென்றதாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்றார்.

இங்குள்ள பள்ளியில் மராட்டி கற்கும் சிறுமி, காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். தேய்ந்த எழுத்துகளில் இரண்டு மட்டும் அவளுக்குப் புலப்பட்டன. "ராஜா" என்று படித்தாள். எந்த ராஜா என்பது தெரியவில்லை. காசின் ஓரத்தோடு அந்தப் பெயரும் முடிந்து போயிருந்தது.

அன்பர்களே, அந்த ராஜா யாரென்று அறிய நாம் மேற்கொண்ட சிறு தேடலின் பயனே இக்கட்டுரை.

அந்தக் காசின் பெயர் சிவராயி. சத்ரபதி சிவாஜி மகாராஜா வெளியிட்ட செப்புக் காசு அது. 1630-ஆம் ஆண்டில் புணே மாவட்டத்துச் சிவநேரிக் கோட்டையில் பிறந்த சிவாஜி, 1674-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள் ராய்கட் மலைக்கோட்டையில் முடிசூடினார். அம்முடிசூட்டை ஒட்டிப் பொன் நாணயமும் செப்புக் காசும் அவர் பெயரால் வெளிவந்தன. பொன் நாணயத்துக்கு 'ஹொன்' என்று பெயர். நம் 'பொன்' கன்னடத்தில் 'ஹொன்னு' ஆகும்; அச்சொல்லே மராட்டியரிடம் நாணயத்தின் பெயராக வழங்கியது. ஹொன் மிகக் குறைவாகவே இன்று கிடைத்துள்ளது. செப்புச் சிவராயியோ பல்லாயிரக் கணக்கில் நாடெங்கும் பரவியது.

சிவராயியின் அமைப்பு மிக எளியது. அதில் மன்னன் உருவம் இல்லை. தெய்வ உருவமும் இல்லை. ஒரு பக்கத்தில் தேவநாகரி எழுத்தில் மூன்று வரிகள்: முதல் வரியில் 'ஸ்ரீ', அடுத்ததில் 'ராஜா', மூன்றாவதில் 'சிவ'. மறு பக்கத்தில் இரண்டு வரிகள்: 'சத்ர', 'பதி'. இரு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் 'ஸ்ரீ ராஜா சிவ சத்ரபதி' என்று முழுப் பெயரும் பட்டமும் கிடைக்கும். எழுத்துகளைச் சுற்றிப் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று ஓடும். எந்த ஆண்டில் அடித்தது என்ற குறிப்பு இல்லை. எந்த ஊரில் அடித்தது என்ற குறிப்பும் இல்லை. முழுக் காசு ஒன்றின் எடை ஏறத்தாழ 11 கிராம் முதல் 13 கிராம் வரை இருக்கும்.

'சத்ரபதி' என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. சத்திரம் என்றால் குடை. சத்ரபதி குடைக்கு உரியவன். நம் புலவர்கள் மன்னனைப் பாடும்போதெல்லாம் அவனுடைய வெண்கொற்றக் குடையைப் பாடினார்கள் அல்லவா? வெயிலையும் மழையையும் போலக் குடிகளைத் தாக்கும் துன்பங்களை அந்தக் குடை மறைக்கும் என்பது கருத்து. அதே கருத்தைப் பட்டமாக ஏற்றுக் கொண்ட மன்னர் சிவாஜி.

இக்காசுகள் இயந்திரத்தில் அடிக்கப்பட்டவை அல்ல. செம்பை உருக்கிக் கம்பியாகவோ பாளமாகவோ வார்த்து, சிறு துண்டுகளாக வெட்டி, எடை பார்த்து, தட்டி வில்லையாக்குவார்கள். கீழே ஓர் அச்சு நிலையாக இருக்கும். மேலே மற்றோர் அச்சை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சு பெரியதாகவும் வில்லை சிறியதாகவும் இருந்தமையால் எழுத்துகள் எல்லாம் ஒரு காசில் விழுவதில்லை. ஒன்றில் 'ராஜா' நடுவில் நிற்கும். ஒன்றில் 'சிவ' மட்டும் தெரியும். வேறொன்றில் புள்ளி வட்டம் ஒரு புறத்தில் மட்டும் பிறை போலத் தோன்றும். ஆகவே முழு வாசகத்தையும் அறிய வேண்டுமானால் பல காசுகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஆஜியின் காசில் ராஜாவின் பெயர் ஓரத்தோடு முடிந்து போனதற்குக் காரணம் இதுவே.

அச்சு வெட்டியவர்கள் எல்லோரும் புலமை பெற்றவர்கள் அல்லர். 'சிவ' என்பது சில காசுகளில் 'சீவ' என்று நீண்டிருக்கிறது. சிலவற்றில் 'ஸிவ' என்று எழுத்தே மாறியிருக்கிறது. 'பதி' சில இடங்களில் 'பதீ' ஆகியிருக்கிறது. பிழை என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆண்டும் ஊரும் குறிக்கப்படாத காசுகளை வகைப்படுத்த இன்று ஆராய்ச்சியாளருக்குப் பெரிதும் துணை செய்பவை இந்த எழுத்து வேறுபாடுகளே. கற்றறிந்தோர் எழுதிய ஏட்டில் காண முடியாத ஒன்றை இக்காசு காட்டுகிறது. பெயர் தெரியாத தொழிலாளி ஒருவன் தன் காதில் விழுந்தவாறே மன்னன் பெயரைச் செம்பில் எழுதியிருக்கிறான்.

சிவாஜிக்கு முன் இந்தப் பகுதியில் வழங்கிய காசுகள் எவை? புணே வட்டாரம் அகமத்நகர் நிஜாம்ஷாஹி அரசுக்கும், பின்னர் பீஜப்பூர் ஆதில்ஷாஹி அரசுக்கும் உட்பட்டிருந்தது. அவ்வரசர்களின் செப்புக் காசுகளிலும், வடக்கே ஆண்ட மொகலாயரின் காசுகளிலும் இருந்த எழுத்து பாரசீகம். சந்தையில் மிளகாய் விற்ற பெண்ணும் வண்டி ஓட்டிய உழவனும் தங்கள் கையிலிருந்த காசில் உள்ளதைப் படிக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஊர்க் கணக்கனுக்கும் அந்த எழுத்து அயலானதாகவே இருந்திருக்கும். தம் முத்திரையைச் சமஸ்கிருதத்தில் அமைத்தவர் சிவாஜி. ஆட்சியில் வழங்கிய பாரசீகச் சொற்களுக்கு ஈடான சொற்களைத் தரும் 'ராஜ்ய வியவஹார கோசம்' என்னும் தொகுப்பும் அவர் காலத்தில் எழுந்தது. அந்த நோக்கமே காசிலும் வெளிப்பட்டது. மக்களுக்குப் பழகிய எழுத்தில் மன்னன் பெயர் சந்தைக்கு வந்தது.

காசில் நாகரி எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் தெற்கே முன்பே வேரூன்றியிருந்தது. விஜயநகர மன்னர்களின் பொற்காசுகளில் மூன்று வரிகளில் நாகரி வாசகம் உண்டு. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் நாணயத்திலும் அதைக் காணலாம். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜ சோழனின் செப்புக் காசை எடுத்துக் கொள்வோம். ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம். மறு பக்கத்தில் அமர்ந்த உருவம். அதன் அருகில் 'ஸ்ரீராஜராஜ' என்ற பெயர். பெரிய கோயிலின் சுவர் முழுவதும் தமிழ்க் கல்வெட்டுகளால் நிறைத்த மன்னன், காசில் தன் பெயரை நாகரி எழுத்தில் பொறித்தான். அக்காசின் வடிவம் கடல் கடந்து இலங்கை வரை சென்று, அங்குள்ள மன்னர்களின் காசுகளுக்கும் மாதிரியாயிற்று. ராஜராஜனின் காசையும் சிவராயியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் 'ஸ்ரீ', 'ராஜ' என்னும் எழுத்துகளைப் பிம்ப்ரியில் படிக்கும் ஒரு தமிழ்ச் சிறுமி எளிதில் அடையாளம் கண்டுகொள்வாள்.

காசு 'செல்லும்' என்று தமிழில் கூறுகிறோம். காசுக்கு மதிப்பு உண்டு என்பதைச் சொல்ல நம் முன்னோர் நடக்கும் வினையையே தேர்ந்தார்கள். ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்வதே காசின் உயிர். ஆனால் அதைச் செலுத்துவது யார்? அரசனது ஆணையா, மக்களது நம்பிக்கையா?

இந்த வினாவுக்குச் சிவாஜியே விடை கூறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1674-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்கு ஆங்கிலக் கும்பினியின் தூதராகப் பம்பாயிலிருந்து ஹென்றி ஆக்சிண்டன் என்பவர் ராய்கட்டுக்கு வந்தார். வாணிக உடன்படிக்கைக்காக அவர் கொண்டு வந்த கோரிக்கைகளில், கும்பினியின் நாணயம் மராட்டிய நாட்டில் செல்ல வேண்டும் என்பதும் ஒன்று. இழப்பு நேரக் கூடிய நாணயத்தை ஏற்குமாறு குடிகளைக் கட்டாயப்படுத்துவது முறையன்று. எடையும் மாற்றும் சரியாக இருப்பின் அதைத் தடுக்கப் போவதும் இல்லை என்பது சிவாஜி தரப்பில் கிடைத்த மறுமொழியின் சாரம். ஆணையால் காசு செல்லாது. தரத்தால் செல்லும் என்று அவர் அறிந்திருந்தார்.

முடிசூடிய மூன்றாம் ஆண்டில், 1677-இல், சிவாஜி பெரும் படையுடன் தெற்கே வந்தார். செஞ்சிக் கோட்டை அவர் வசமாயிற்று. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில், தஞ்சையை ஆண்ட தம் தம்பி ஏகோஜியை அவர் சந்தித்தார். அதன் பின் செஞ்சி இருபது ஆண்டுகள் மராட்டியர் கையில் இருந்தது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மொகலாயப் படைக்குத் தப்பி வந்து, 1689 முதல் செஞ்சியிலிருந்தே அரசு நடத்தினார். ஏகோஜியின் வழியினர் தஞ்சையை 1855 வரை ஆண்டனர். சரபோஜி மன்னர் 1803-ஆம் ஆண்டில் தம் குலத்தின் வரலாற்றை ராஜராஜன் எடுத்த பெரிய கோயிலின் சுவரிலேயே மராட்டி மொழியில் பொறிக்கச் செய்தார். புணே நாட்டிலிருந்து காவிரி நாட்டுக்கு வந்து, அந்த மண்ணின் மக்களாகவே ஆகிவிட்ட குடும்பங்கள் பல. காவிரி நாட்டிலிருந்து புணே நாட்டுக்கு வந்த நாம் அவர்கள் நடந்த வழியில்தான் எதிர்த் திசையில் வந்திருக்கின்றோம்.

சிவாஜி 1680-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப் பின் வந்த சம்பாஜி, ராஜாராம் முதலியோர் தத்தம் பெயரால் அதே அமைப்பில் செப்புக் காசு வெளியிட்டார்கள். சிவாஜியின் பெயர் தாங்கிய காசோ அவர்களோடு மறையவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் புணே பேஷ்வாக்களின் தலைநகராகி, சனிவார் வாடா எழுந்து, மராட்டியர் ஆணை வடக்கே வெகு தூரம் பரவிய காலத்திலும் 'ஸ்ரீ ராஜா சிவ சத்ரபதி' என்றே புதிய காசுகள் அடிக்கப்பட்டன. அக்காலத்து வகை ஒன்றுக்குத் 'துதாண்டி' என்று பெயர். எழுத்து வரிகளுக்கு இடையே இரு கோடுகள் குறுக்காகச் செல்வதால் வந்த பெயர் அது. சூரியன், சூலம், இலை முதலிய சிறு குறிகளும் பிற்காலக் காசுகளில் சேர்ந்தன.

இங்கேதான் வியப்புக்குரிய செய்தி ஒன்று இருக்கிறது. அதே பேஷ்வாக்கள் வெளியிட்ட வெள்ளி ரூபாயில் இருந்த பெயர் எது? மொகலாயப் பேரரசரின் பெயர்! எழுத்தும் பாரசீகமே. டெல்லிப் பேரரசின் வலிமை ஒடுங்கி, பேரரசரே மராட்டியத் தளபதிகளின் பாதுகாப்பில் வாழ்ந்த நாட்களிலும், ஷா ஆலம் போன்ற பேரரசரின் பெயரே ரூபாயை அணி செய்தது. புணே ரூபாயை இன்னதென்று காட்ட அங்குசக் குறி ஒன்று மட்டும் அதில் சேர்ந்தது. ஆகவே அதற்கு 'அங்குசி ரூபாய்' என்று பெயர் வந்தது. அங்குசம் பிள்ளையாரின் கையில் உள்ள படை. பேஷ்வாக்கள் பிள்ளையாரைப் போற்றியவர்கள்.

நமக்கு அடுத்த ரயில் நிலையமான சிஞ்ச்வட்டிலும் பேஷ்வாக்கள் காலத்தில் நாணயச் சாலை இருந்தது. பவனா ஆற்றங்கரையில் உள்ள மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலுக்கு நம்மவர் பலர் சதுர்த்தி நாட்களில் சென்று வருகிறார்கள். அந்த ஊரில் ஒரு காலத்தில் சம்மட்டி ஒலித்து நாணயம் பிறந்தது என்பதைச் சொல்லும் பலகை எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. சென்னையில் தங்கசாலைத் தெருவென்று தெருவின் பெயரிலேனும் அந்நினைவு நிற்கிறது.

வெள்ளியில் ஒரு பெயரும் செம்பில் ஒரு பெயருமாக இருப்பானேன்? காரணம் வாணிகத்தில் இருக்கிறது. வெள்ளி ரூபாய் நெடுந்தூரம் பயணம் செய்வது. சூரத்துச் சராபும் ஹைதராபாத்துச் சராபும் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, உரைத்து, எடை போட்டு மதிப்பிடுவார்கள். பழகிய தோற்றத்தில் இல்லாத நாணயத்துக்கு வட்டம் பிடித்துக்கொண்டு குறைத்தே கொடுப்பார்கள். மொகலாய ரூபாயின் தோற்றம் நாடு முழுவதும் பழகியது. ஆகவே ஆட்சி மாறிய பின்னும் தோற்றத்தை மாற்ற எவரும் துணியவில்லை. டெல்லிப் பேரரசரின் பெயரளவு மேலாண்மையை மராட்டியர் ஏற்றிருந்ததும் இதற்குத் துணையாயிற்று. செம்பு அப்படியன்று. விலையோ குறைவு, எடையோ மிகுதி. ஒரு வண்டிச் செம்பை நூறு கல் கொண்டு சென்றால் கூலியே மதிப்பைத் தின்றுவிடும். ஆதலால் செப்புக் காசு பெரும்பாலும் பிறந்த வட்டாரத்திலேயே சுற்றியது. அதைச் சராபு மதிப்பிடவில்லை. கூலியாளும், எண்ணெய் வாணிகனும், சந்தைப் பெண்ணும் மதிப்பிட்டார்கள். அவர்களுக்குப் பழகிய பெயர் சிவாஜி.

எனவே நாட்டின் செல்வர் கையில் மொகலாயர் பெயர் இருந்தது. ஏழையின் முடிச்சில் சிவாஜியின் பெயர் இருந்தது. அரசவைக் குறிப்புகளையும் உடன்படிக்கைகளையும் மட்டும் படிப்பவர் முதல் செய்தியை அறிவர். இரண்டாவது செய்தியைச் செம்பு மட்டுமே சொல்லும்.

இதனை ஒத்த நிகழ்ச்சி தமிழ்நாட்டிலும் உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் 'அம்மன் காசு' உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறு பக்கத்தில் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தில் இருக்கும். இருபது காசு ஓர் அணா; முந்நூற்று இருபது காசு ஒரு ரூபாய். நவராத்திரியில் அரிசியோடு இக்காசையும் தானமாக வழங்கினர். புதுக்கோட்டையிலும் ரூபாய் ஆங்கிலேயருடையதே; சிறு காசில் மட்டும் ஊரின் தெய்வம் குடியிருந்தாள். 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது அக்காசின் காலமும் முடிந்தது. 'அரைக்காசு அம்மன்' என்ற பெயர் மக்கள் வாயில் நின்றுவிட்டது.

சிவராயியின் பிற்காலத்தைப் பார்ப்போம். 1817-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் நடந்த கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றது. நாள்தோறும் ரயிலில் நாம் கடந்து செல்லும் அதே கட்கிதான். 1818-இல் பேஷ்வா ஆட்சி முடிந்து புணே ஆங்கிலக் கும்பினியின் கைக்குச் சென்றது. பம்பாய் மாகாணத்துக்கெனக் கும்பினி அழகிய செப்புக் காசுகளை அடித்தது. ஒன்றில் தராசு இருந்தது. தராசின் தட்டுகளுக்கிடையே நீதி என்று பொருள்படும் 'அதல்' என்னும் சொல் அரபி எழுத்தில் இருந்தது. 1835-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் ஒரே வகை ரூபாயும் காலணாவும் வந்தன. இயந்திரத்தில் அடித்த சுத்தமான வட்டம், ஒவ்வொன்றும் ஒரே எடை, ஆண்டும் பொறித்திருக்கும். சிறப்பில் சிவராயி அதற்கு ஈடாகாது.

ஆயினும் சிவராயி உடனே மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரையில் பம்பாய் மாகாணத்துக் கிராமச் சந்தைகளில் அது சென்று கொண்டிருந்தது. ரூபாய்க்கு ஏறத்தாழ அறுபத்து நான்கு என்னும் கணக்கில், சில இடங்களில் சற்று ஏறியும் இறங்கியும், காலணாவின் பக்கத்திலேயே நின்று அது வேலை செய்தது. அதை அடித்த அரசு இல்லை. அதைக் காக்கப் படை இல்லை. அதில் எழுதிய பெயருக்கு உரியவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கொடுப்பவரும் வாங்குபவரும் நம்பியதால் அது சென்றது. கணக்கும் எடையும் மாறிய பின்னும் அந்நம்பிக்கை தேயவில்லை.

நம் காலத்துச் சிறு காசுகளை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் ரூபாய்க்கு நூறு என்ற கணக்கில் நயா பைசா வந்தது. 1964-இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. பின்னர் அலுமினியத்தில் சதுரமாகவும் அறுகோணமாகவும் அலைவிளிம்பு உடையனவாகவும் பைசாக்கள் வந்தன. கண் தெரியாதவரும் விரலால் தடவி இன்னதென்று அறியலாம். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாளுடன் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவை ஆயின. அரசாணை ஒன்றால் ஒரே நாளில் அவை நின்றன. அதற்கு முன்பே சந்தை அவற்றைக் கைவிட்டிருந்தது என்பதும் உண்மை. சிறு காசின் வாழ்நாளை முடிவு செய்வது அன்றும் இன்றும் சந்தையே.

மராட்டியில் வறுமையைச் சொல்லும்போது 'புட்கி கவடி' கூட இல்லை என்பார்கள். உடைந்த சோழி கூட இல்லை என்பது பொருள். செப்புக் காசுக்கும் கீழே சோழி காசாகச் சென்ற காலத்தின் நினைவு அது. நாம் சல்லிக் காசு இல்லை என்கிறோம். இரு மொழியும் சிறு காசை வைத்தே வறுமையை அளந்திருக்கின்றன.

இனி, இத்தகைய காசு நம் கைக்கோ அண்டை வீட்டார் கைக்கோ வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, அதைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. செம்புப் பாத்திரத்தைப் பளபளப்பாக்கும் அதே புளி, காசின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்போடு எழுத்தையும் அரித்துவிடும். இரண்டாவது, எடைக்குப் போடக் கூடாது. உருக்கிய செம்பிலிருந்து எழுத்தை மீட்க எவராலும் முடியாது. மூன்றாவது, பழைய காசு என்றால் பெரும் பணம் கிடைக்கும் என்ற ஆசையும் கூடாது. சிவராயி மிகுதியாகக் கிடைப்பது. சாதாரண வகைக்குப் பெரு விலை இல்லை. புதிதாக வார்த்துப் பழையதென விற்கும் போலிகளும் உண்டு. புணேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாருக்குச் சென்று காசு வாங்க விரும்புவோர் இதை நினைவில் கொள்வது நலம். நான்காவது, மண்ணைத் தோண்டும்போது காசுக் குவியல் கிடைத்தால் அது கண்டெடுத்தவர் பொருளாகிவிடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். மராட்டியர் வரலாற்றை அறிய விரும்புவோர் 1910-இல் புணேயில் நிறுவப்பட்ட பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தை நாடலாம். ஊருக்குச் செல்லும்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நம் சோழர் காசுகளையும் பார்க்கலாம்.

தொடங்கிய இடத்துக்கு வருவோம். ஆஜி ஒவ்வொரு தசராவுக்கும் அந்தக் காசைப் புளியால் தேய்த்துக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு வந்திருக்கின்றார். அவர் மாமியாரும் அவ்வாறே செய்தாராம். சிஞ்ச்வட் என்னும் ஊர்ப் பெயரிலேயே புளியும் ஆலும் இருக்கின்றன. 'சிஞ்ச்' புளி, 'வட்' ஆல். புளிக்குப் பஞ்சமில்லாத ஊரில் மூன்று தலைமுறைப் பக்தி, வணங்கிய பெயரையே சிறிது சிறிதாக அழித்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வதென்று நாம் தயங்கினோம். சிறுமி தயங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் முழு வாசகத்தையும் நாகரியில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி, காசில் தெரியும் 'ராஜா'வைச் சுற்றிக் கோடு போட்டு, "மீதி இங்கே இருந்திருக்கிறது ஆஜி" என்று காட்டினாள்.

ஆஜி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு காசை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டார். மறுநாள் பாத்திரக் கடைக்காரர் வந்து குடத்தையும் தவலையையும் எடை போட்டுக் கொண்டு சென்றார். காசு புது வீட்டின் பூஜை அறைக்குப் போயிற்று. அந்தத் தாளும் அதனருகில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தசராவுக்கு அதற்கு மஞ்சளும் குங்குமமும் மட்டுமே இட்டார்கள், புளி இடவில்லை.